இரண்டு தெரு தள்ளி சார்ஜா

2025 ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். ஐந்தருவியில் நேற்றே நிற்க இடமில்லையாம். குற்றாலத்தில் கூட்டம் வந்துவிட்டால் தென்காசியிலிருக்கும் எங்கள் ஒலிப்பதிவுக் கடைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. லாட்ஜ், ஹோட்டல், நேந்திரங்காய் சிப்ஸ், ஜவுளி என்று இன்று மட்டும் ஒன்பது விளம்பரம். வல்லிநாயகம் அண்ணாச்சி பேசிப் பேசி, மத்தியானத்துக்கு மேல் சுக்குக் காப்பியாகக் குடித்துக்கொண்டிருந்தார். கடை அவருடையது, குரலும் அவருடையது. வெட்டி ஒட்டுவது நான். அவர் மூச்சு வாங்கும் இடங்களைக் குறைத்து, அடியில் நாதஸ்வரத்தை ஓடவிட்டு, கடைப்பெயர் வரும்போது கொஞ்சம் ஏற்றி, பென் டிரைவில் போட்டு விளம்பர ஆட்டோவுக்குக் கொடுப்பேன். எட்டு வருஷமாக இதுதான். எழுதிப் பார்த்தால் சின்ன வேலையாகத்தான் தெரிகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் மச்சான் அழைத்தார். சார்ஜாவில் வீடு கிடைத்துவிட்டதாம், ஆகஸ்டில் எனக்கு விசா வந்துவிடுமாம். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நானும் யாசர் மச்சானும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஏழு மாதம் வராது. சந்தோஷத்தில் மாமியாரைக் கட்டிக்கொண்டேன். மாமி கை நிறைய மீன் செதிலோடு அப்படியே நின்றார்கள்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது — அப்போ வேலை?

ஜூன் 4, புதன்

அண்ணாச்சியிடம் சொன்னேன். "சந்தோஷம்மா. அப்ப வேற ஆளு பாக்கணும்" என்றார், ஒரே மூச்சில்.

அங்கே இருந்தே செய்கிறேனே என்று கேட்டேன். "கண்ணு காணாத எடத்துல இருந்துக்கிட்டு என்னத்த செய்வ? பென் டிரைவ் என்ன பறந்தா வரும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். எட்டு வருஷம். வேற ஆளாம்ல. பாருங்க, நல்லா பாருங்க அண்ணாச்சி. அந்த வேற ஆளு ரெண்டே நாளுல உங்க இருமல நாதஸ்வரத்தோட சேத்து அனுப்பி வைப்பான்.

ஜூன் 6, வெள்ளி

நாளை பெருநாள். மாமி அரிசி ஊறப்போட, நான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கடைக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. யாரும் பார்த்ததில்லை, அண்ணாச்சி உட்பட. அதற்காக இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தோடு ஒரு ஃபைல் மேனேஜரும் கொடுத்திருக்கிறார்கள். இணையப் பக்கமாகத் திறக்கும். எந்த ஊரிலிருந்தும் உள்ளே போகலாம், ஃபைலைப் போடலாம், எடுக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று அமைப்புகளுக்குள் நோண்டியபோது பிளகின்கள் என்று ஒரு பக்கம் தட்டுப்பட்டது. வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள், நீள நெடுகப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச், எல்லாமே அணைந்து கிடக்கிறது. ஒலியை இறக்காமலேயே கேட்க ஒன்று. அழித்ததைக் குப்பைத்தொட்டியில் பத்திரமாக வைக்க ஒன்று. யார் எப்போது திறந்தார்கள் என்று குறித்துவைக்க ஒன்று.

எட்டு வருஷமாக இவை அத்தனையும் உள்ளேயே இருந்திருக்கின்றன. பென் டிரைவைத் தொலைத்துத் தொலைத்துத் தேடியவள் நான்.

ஜூன் 7, சனி

பெருநாள். வந்தவர் போனவர் கணக்கில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு தூக்கு பாயசம் கொடுத்துவிட்டேன். "இனிப்பு ஒரு சிட்டிக தூக்கல்" என்று போன் செய்தார். வேலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

ஜூன் 9, திங்கள்

அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் பிளகினைப் போட்டுக் காட்டினேன், ஒலியைக் கேட்பதற்கானது. சுவிட்ச் பச்சையானது. சேமித்தேன். பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சுவிட்சப் போட்டாச்சு, லைட்டு எரியலையே."

பக்கத்தைப் புதுப்பித்தேன், அப்போதும் இல்லை. வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைந்தேன். ஒவ்வொரு ஃபைலுக்குப் பக்கத்திலும் ஒரு முக்கோணம் வந்து நின்றது. அண்ணாச்சி அவரே ஒன்றை அமுக்கினார். போன வருஷத்து அல்வாக்கடை விளம்பரம். கண்ணை மூடி முழுதும் கேட்டார்.

"நல்லாத்தான் பேசியிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. நாளையில இருந்து ஒரு மாசம் நீ சார்ஜாவுல இருக்க."

"விசா ஆகஸ்டுலதான் அண்ணாச்சி."

"அதில்லம்மா. உன் வீட்டுல இருந்துக்கோ. ஆனா நீ சார்ஜாவுலதான் இருக்க. கடைக்கு வரப்படாது. நாங்களும் உன் வீட்டுக்கு ஆளு விட மாட்டோம். போன்ல பேசிக்கிடுவோம். ஜூலை பத்து வர ஒரு வேல கூட தவறலன்னா, நெசமா போயும் இத நீயே பாரு. தவறிச்சுன்னா வேற ஆளுதான்."

என் வீடு இரண்டு தெரு தள்ளி. மொட்டை மாடியில் ஏறினால் கடைப் பலகை தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

சார்ஜாவில் முதல் நாள். இரண்டு ஃபோல்டர் போட்டிருக்கிறேன். 'பேசினது' என்பதில் அண்ணாச்சி போடுவார். நான் எடுத்து வேலை முடித்து 'முடிஞ்சது' என்பதில் வைப்பேன். அங்கிருந்து எங்கள் விளம்பர ஆட்டோ ஓட்டும் குத்தாலிங்கம் அண்ணன் தன் போனிலேயே திறந்து ஒலிபெருக்கியில் ஓடவிடுவார். பென் டிரைவுக்கு ஓய்வு.

அண்ணாச்சி முதல் ஃபைலை ஏற்ற நாற்பது நிமிஷம் ஆனது. நான் போனில் சொல்லச் சொல்ல அவர் வேறெதையோ அமுக்கினார். ஆனாலும் ஏற்றிவிட்டார்.

மாமிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "சார்ஜாவுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று காலையிலேயே கேட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

காய்கறிக் கடையில் அண்ணாச்சி எதிரே வந்தார். சிரித்தேன். என்னைத் தாண்டி எதையோ பார்த்தபடி கத்தரிக்காய் பொறுக்கினார். கடைக்காரரிடம், "ஊர்ல இல்லாத புள்ள ஒண்ணப் பாத்த மாதிரி இருந்துது" என்றார். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் திறந்தால் 'பேசினது' காலி. நேற்று பேசி வைத்த பதினொன்றும் இல்லை.

போன் செய்தேன். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமல்லாம்மா. கடையக் கழுவிவிட்டு, மேசையெல்லாம் தொடச்சு, சாம்பிராணி போட்டேன். அப்படியே இதையும் சுத்தம் பண்ணிட்டேன்."

அவர் வெள்ளிதோறும் முந்தைய நாள் காகிதம் ஒன்றுவிடாமல் கிழித்துப் போடுகிறவர்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் குப்பைத்தொட்டி பிளகினைப் போடாமல் விட்டேனே. அது இல்லாவிட்டால் அழித்தது அழிந்ததுதான். எத்தனை பேர் எத்தனை விதமாக அழிப்பார்கள் என்று யோசித்த நான் சாம்பிராணியை யோசிக்கவில்லை.

பதினொன்றையும் மறுபடி பேசினார். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது, வேலை தவறவில்லை. "தப்பு யாரு மேல?" என்று கேட்டார். என் மேல் என்றேன். "ம்" என்றார். உடனே அந்தச் சுவிட்சைப் போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

கழுவினார், சாம்பிராணி போட்டார், அழித்தார். குப்பைத்தொட்டியிலிருந்து பதினான்கையும் எடுத்து வைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

குத்தாலிங்கம் அண்ணன் புலம்பல். குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்ததும் சிக்னல் படுத்துவிடுகிறதாம். விளம்பரம் பாதியில் நின்றுபோகிறது. "'வாங்க வாங்க'ன்னு கூப்புடுது, எங்கன வரணும்னு சொல்ல மாட்டேங்கு தங்கச்சி."

பட்டியலில் அதற்கும் ஒன்று இருந்தது. 'முடிஞ்சது' ஃபோல்டரை ஒருமுறை திறந்தால் போதும், எல்லாவற்றையும் போனிலேயே சேமித்துவைத்துக்கொள்ளும், சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும். சுவிட்சைப் போட்டேன். மத்தியானமே கூப்பிட்டார். "இப்ப அருவிக்குள்ள போயி நின்னாலும் பாடும் போலுக்கு."

மொத்தம் ஆறு பிளகின் போட்டாயிற்று. கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஜூன் 25, புதன்

மச்சானோடு சின்னச் சண்டை. "வேலை கெடைச்சா பாரு, இல்லன்னா விட்டுட்டு வா. நான் பாத்துக்கிட மாட்டேனா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இருந்தாலும்.

பாத்துக்கிடுவாரு. எனக்குத் தெரியாதா? காலையில போனா ராத்திரிதான் வருவாரு. அதுவரைக்கும் நான் எதப் பாத்துக்கிட? அவரு இல்லாம இங்க நாலு வருஷம் இருந்துட்டேன், இனி முடியாது. வேலை இல்லாம அங்க நாலு மாசம் இருந்தா பைத்தியம் பிடிச்சிரும். ரெண்டும் வேணும்னு கேக்குறது அவ்வளவு பெரிய பேராசையா?

ஜூன் 28, சனி

ஜவுளிக்கடை ஒன்று சீசனுக்காக மூன்று மாத ஆர்டர் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு இந்த வருஷத்தின் பெரிய ஆர்டர். இன்று அவர்களுக்கு ஒருநாள் தள்ளுபடி. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று அண்ணாச்சி அடிவயிற்றிலிருந்து பேசியிருந்தார். காலை ஒன்பதுக்கே போட்டுவிட்டேன். ராத்திரி கடை சாத்தியதும் அதை எடுத்துவிட்டு, நாளைக்கான சாதாரண விளம்பரத்தை வைத்தேன். அண்ணாச்சியிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: "நன்று."

இன்னும் பன்னிரண்டு நாள்.

ஜூன் 30, திங்கள்

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்தரைக்கு அண்ணாச்சியின் போன். ஜவுளிக்கடைக்காரர் கடித்துக் குதறுகிறாராம். நேற்றும் இன்றும் ஜனம் கடைக்கு வந்து, இன்று மட்டும் தள்ளுபடி என்றீர்களே, கொடுங்கள் என்று நிற்கிறதாம். எங்கள் ஆட்டோ மூன்றாவது நாளாக 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று குற்றாலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறது.

"நான் சனிக்கெழமையே எடுத்துட்டேன் அண்ணாச்சி."

"எடுத்தது எப்படிம்மா பேசும்? குத்தாலிங்கத்துக்குப் போனப் போட்டா எடுக்க மாட்டேங்கான். நான் குற்றாலத்துக்குப் போயி அவனத் தேடிப் பிடிக்கேன். இதத்தான் அன்னைக்கே சொன்னேன், கண்ணு காணாத எடம்னு." வைத்துவிட்டார்.

எழுந்து பர்தாவை மாட்டினேன். பஸ் ஏறினால் கால் மணி நேரம். ஆட்டோவைக் கண்டுபிடித்து, போனை வாங்கி, இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். வாசலில் மாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க?"

"குற்றாலத்துக்கு மாமி. இந்தா வந்துருவேன்."

"சார்ஜாவுல ஏதுட்டி குற்றாலம்? உக்காரு."

"வெளையாடாதீங்க மாமி, வேல போயிரும்."

"இப்ப நீ ஓடுனாத்தான் போவும். ஆகஸ்டு மாசம் இப்படி ஒண்ணு நடந்தா அங்கன இருந்து ஓடியாவியா?" கீரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அழுகையே வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்தேன். ஃபோல்டரைப் பார்த்தேன், பழைய விளம்பரம் அதில் இல்லை. அப்படியானால் எங்கிருந்து ஓடுகிறது? யார் எப்போது வந்தார்கள் என்று குறிக்கும் பிளகினைப் போட்டு நாளாகிறது, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. திறந்தேன். குத்தாலிங்கம் அண்ணன் போன் கடைசியாக வந்தது சனிக்கிழமை காலை 9:10.

அதற்குப் பிறகு வரவே இல்லை. அப்படியென்றால் அவர் போனில் நெட்டே இல்லை. சேமித்துவைத்ததையே சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

விடாமல் கூப்பிட்டேன். ஏழாவது தடவை எடுத்தார். ஒரே இரைச்சல். நான் படபடவென்று கொட்டினேன்: "அண்ணே, ஏன் நெட்ட ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க? அந்தத் தள்ளுபடி சனிக்கெழமையோட முடிஞ்சு போச்சு. இன்னைக்குக் கெடையாது. யாரும் போயி கேக்காண்டாம். கடைக்காரரு அண்ணாச்சிய ஏசுதாரு. நான் சார்ஜாவுல இருக்கேன், என்னால வர முடியாது. எனக்கு வேல போயிரும் அண்ணே, சீக்கிரம் நெட்டப் போடுங்க."

அண்ணன் மெதுவாக, "தங்கச்சி, போனு ஒலிபெருக்கியோட சேந்துல்லா கெடக்கு. நீ பேசுனது பூரா ரோட்டுக்கே கேட்டுட்டு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் குரல், "பாவம், சார்ஜாவுல இருந்தா பேசுது?" என்றது.

நெட்டை ஏன் அணைத்தார் என்று கேட்டேன். "அதான் நெட்டு இல்லாமலே பாடுதே, எதுக்கு வீணா ஆக்கணும்னு பாத்தேன்." மூன்று நாளாக இன்று மட்டும் என்று வருகிறதே, சந்தேகம் வரவில்லையா என்றேன். "நித்தம் ஏதாவது ஒரு கடைக்கு 'இன்னைக்கு மட்டும்'னு சொல்லிக்கிட்டுத்தான இருக்கோம்" என்றார்.

11:42-க்கு அவர் போன் பட்டியலில் வந்தது. பழையது போய்ப் புதியது ஓட ஆரம்பித்தது.

பன்னிரண்டரைக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். "கேட்டேன்" என்றார்.

"எத அண்ணாச்சி?"

"எல்லாத்தையும். பேரருவி ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அந்தப் பிளகினின் அமைப்புகளை இப்போதுதான் படித்தேன். சேமித்தது எத்தனை நாள் இருக்கலாம் என்று ஒரு கட்டம். நான் காலியாக விட்டிருந்தேன். காலியாக விட்டால் என்றைக்கும் இருக்குமாம். இப்போது ஒரு நாள் என்று போட்டிருக்கிறேன். சுவிட்சைப் போடும் ஆசையில் அதற்குக் கீழே இருந்த நான்கு வரியைப் படிக்கவில்லை. குத்தாலிங்கம் அண்ணனை என்ன சொல்ல?

ஜூலை 1, செவ்வாய்

ஃபைல்கள் வருகின்றன. பேச்சில்லை.

ஜூலை 2, புதன்

இன்றும் இல்லை. ஒரு வேலை கூடத் தவறக் கூடாது என்றார். தவறிவிட்டது. மாமி ஏதோ வேடிக்கையாகச் சொன்னார்கள், சிரிப்பு வரவில்லை. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

'பேசினது' ஃபோல்டரில் இன்று நான்கு. மூன்று விளம்பரம். நான்காவதில் என் பெயர்: 'ஜுஹைனாவுக்கு'.

அண்ணாச்சிக்கு நேரில் எதையும் நீளமாகப் பேச வராது. மைக் முன்னால் உட்கார்ந்தால்தான் வரும். ஆனால் இது விளம்பரக் குரல் இல்லை. அவர் சொன்னது:

"ஒரு வேல தவறிட்டு. நாம பேசிக்கிட்டபடி பாத்தா கத முடிஞ்சுது. ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீ இங்கன கடையில இருந்திருந்தா ஓடிப்போயி அவன் போன வாங்கி நோண்டிட்டு வந்திருப்ப. எதனால தப்பு வந்துதுன்னு உனக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது. மறுபடி வந்திருக்கும். நீ அங்கன இருந்ததாலதான் காரணத்தத் தேடுன. சார்ஜாவுக்கு நல்லபடியா போயிட்டு வா. வேல உனக்குத்தான். ஜவுளிக்கடைக்காரர்ட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கெழம வந்த கூட்டத்துல அவருக்கும் நல்ல யாவாரந்தான், வெளிய சொல்ல மாட்டேங்காரு. ஆனா ஒண்ணு, பத்தாந்தேதி வர நீ சார்ஜாவுலயே இரி. பேச்சுன்னா பேச்சு."

ஒன்பது தடவை கேட்டேன். மாமியைக் கூப்பிட்டு ஒருமுறை. அழுதேன். நன்றாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

கடைக்குப் போனேன். சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து அண்ணாச்சி எட்டிப்பார்த்து, "வாம்மா. எப்ப வந்த? பயணமெல்லாம் சௌரியமா இருந்துதா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. "நல்ல வெயிலு அண்ணாச்சி அங்க" என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன். சார்ஜா

வந்து பதினாறு நாள். மச்சான் வேலைக்குப் போயாயிற்று. நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் அனல், சாத்தினால் ஏசி இரைச்சல். ஹெட்போன் இருப்பதால் பிழைத்தேன்.

போன வாரம் வரை அண்ணாச்சியின் அழைப்பு அங்கே ஆறரைக்கு வரும். இங்கே அப்போது ஐந்து. தூங்கியவள் போலக் காட்டிக்கொள்ளாமல் எடுத்துப் பேசுவேன். அவரிடம் சொல்லவில்லை. தூரமாய்ப் போனதும் சோம்பிச் சடவு பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டால்? மச்சான்தான் பாவம், தினம் தூக்கம் கெட்டது.

இந்த வாரம் அந்த அழைப்பு இல்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை. ஃபைல்களும் காலையில் வருவதில்லை, தாமதமாகத்தான் வருகின்றன. முதலில் நிம்மதியாக இருந்தது. நேற்று பயம் வந்தது. காலை வேலையை அங்கேயே யாரிடமாவது கொடுக்க ஆரம்பித்துவிட்டாரா? கேட்கவும் தைரியமில்லை.

இன்று வேறெதற்கோ பிளகின் பக்கத்தைத் திறந்தேன். நான் போட்டவை ஆறு. பச்சையாக இருப்பவை ஏழு. மூன்று தடவை எண்ணினேன். ஏழாவது ஒரு கடிகாரம். பக்கத்தின் உச்சியில் இரண்டு ஊர் நேரத்தைக் காட்டுவது. வந்துபோனவர் குறிப்பைத் திறந்து யார் போட்டது என்று பார்த்தேன். வல்லிநாயகம், ஞாயிறு காலை 11:05. பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். இடப்பக்கம் தென்காசி, வலப்பக்கம் சார்ஜா. சார்ஜாவைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறார்.

கூப்பிட்டு, காலையிலேயே அனுப்பலாமே அண்ணாச்சி என்றேன்.

"ஆறு மணிக்கே பேசி முடிச்சு வச்சிருதேன்மா. அங்கன எட்டு அடிக்கட்டும்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஐந்து ஃபைல் வந்திருக்கிறது. லாட்ஜ் விளம்பரத்தை முதலில் முடிக்க வேண்டும்.